பூகோளப் பரீட்சைக்கு மீளப் படிக்கும் முறை

கற்றல் ஒன்று, கற்றதனை வேண்டியபொழுது நினைவிற் கொணர்தல் பிறிதொன்று. முன்னையது ஆசிரியர் துணையாலும் நூல்களின் துணையாலும் எய்தற்பாலது. பின்னையது மாணாக்கர் தம் முயற்சியானன்றி எய்தற்கரியது. ஆண்டு முழுவதும் வகுப்பிற் செவிசாய்த்துக் கேட்டும், பரீட்சை மண்டபத்துட் புகுந்தவுடன் எழுதுகோலைக் கையிற் பிடித்தபடி கூரையை நோக்கி அமர்ந்திருக்கும் இளைஞரை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்தம் குறை அறிவின்மை அன்று. பெரும்பாலும் சோம்பலும் அன்று. படித்ததனை மீளப் படிக்கும் முறையினை அறியாமையே அக்குறையாம் என்பது எம் துணிபு. அம்முறையினைப் பூகோள பாடத்தின்மேல் வைத்து ஒருவாறு விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

மேல்நிலை வகுப்பிற் பூகோளத்தை எடுத்துப் படித்துப் பொதுத்தேர்வுக்குச் செல்லும் மாணாக்கரை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம். இக்காலத்துப் பாடநூல்கள் 'புவியியல்' என்னும் பெயர் தாங்கி வருகின்றன. பெயர் யாதாயினும் பொருள் ஒன்றே. இப்பாடம் ஏனைப் பாடங்களினும் ஒருவகையில் வேறுபட்டது. சரித்திரத்தைப்போல ஆண்டும் பெயரும் இதற்கு வேண்டும். கணிதத்தைப்போல அளவும் கணக்கும் வேண்டும். விஞ்ஞானத்தைப்போலக் காரண காரியத் தொடர்பு வேண்டும். இவையனைத்திற்கும் மேலாகப் படம் வரையும் கையும் படம் படிக்கும் கண்ணும் வேண்டும். ஆதலின் ஒரே வகையாக உருப்போடுதல் இதற்கு உதவாது.

சில ஆண்டுகளுக்குமுன் எம்பாற் பயின்ற மாணாக்கன் ஒருவன் வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். அவன் தன் குடும்பத்திற் பள்ளி இறுதிவரை வந்த முதல்வன். உழைப்பிற் சிறிதும் குறைவில்லாதவன். பூகோளப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை ஆறுமுறை படித்தேன் என்று அவன் எம்மிடம் கூறியபோது, யாம் மகிழ்ந்து, "இன்னும் ஒருமுறை படித்துவிடு" என்று சொல்லி அனுப்பினோம். பரீட்சையில், தென்மேற்குப் பருவக்காற்றினால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகுந்த மழை பெறாமைக்குக் காரணம் யாது என்னும் வினா வந்தது. அவனோ பருவக்காற்று என்னும் சொல்லைக் கண்டமாத்திரத்தே, அதன் பெயர்க்காரணம், அது வீசும் மாதங்கள், அது மிகுந்த மழை தரும் ஊர்கள் ஆகிய அனைத்தையும் இரண்டு பக்கம் எழுதினான். கேட்ட காரணத்தை மட்டும் எழுதவில்லை. இங்ஙனம் பல வினாக்களிலும் நேர்ந்தமையால் அவன் தேர்ச்சி பெறவில்லை. அவன் எம்மிடம் வந்து, "ஏழாம் முறையும் படித்தேனே, ஐயா" என்று மட்டும் சொன்னான். அவன் உழைப்பில் குற்றமில்லை; யாம் கூறிய அறிவுரையிலேதான் குற்றம் இருந்தது என்பதனை அன்று உணர்ந்தோம். அதன்பின் அவனோடு உடனிருந்து யாம் கைக்கொண்ட முறையே இங்குக் கூறப்படுவது.

மீண்டும் மீண்டும் படித்தல் ஏன் பயன் தருவதில்லை எனின், கூறுதும். பலமுறை கண்ட பக்கம் நமக்குப் பழகிய முகம்போலத் தோன்றுகிறது. பழகிய முகம் என்று அறிவது வேறு. அம்முகத்தைக் காணாதபொழுது அதனை வரைந்து காட்டுவது வேறு. பரீட்சை கேட்பது பின்னதனையே. 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர் இருவர் தாம் செய்த சோதனையொன்றினை வெளியிட்டனர். மாணாக்கரிற் சிலர் ஒரு சிறு பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்து, பின்பு அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தோர் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தோர் 75 பங்கும் நினைவு கூர்ந்தனர். ஆனால் ஒரு வாரம் கழிந்தபின் இருமுறை படித்தோரிடம் 42 பங்கே எஞ்சியது. எழுதிப் பார்த்தோரிடம் 56 பங்கு நின்றது. அன்றிரவு மனம் நிறைவடைதல் ஒருவழி. ஒரு வாரத்திற்குப்பின் பொருள் கையில் இருத்தல் மற்றொரு வழி. மாணாக்கர் பின்னதனையே நாடல் வேண்டும்.

இனி முறையினைக் கூறுவோம்.

1. கணக்கெடுத்தல்

வாணிபஞ் செய்வோன் ஆண்டு முடிவில் தன் கடையிலுள்ள சரக்கினைக் கணக்கெடுப்பான். அவ்வாறே மாணாக்கனும் முதற்கண் பாடத்திட்டத்திலுள்ள தலைப்புகளை ஒரு தாளில் எழுதுக. பின்னர்ப் புத்தகத்தைத் திறவாமல், ஒவ்வொரு தலைப்பின் எதிரிலும் தனக்கு நினைவிலுள்ள ஐந்து செய்திகளை எழுத முயல்க. ஐந்தும் வந்த தலைப்புகள் ஒருவகை. இரண்டு மூன்று வந்தவை மற்றொருவகை. ஒன்றும் வாராதவை மூன்றாம்வகை. மூன்றாம்வகையினைக் கண்டு அஞ்சற்க. நோய் இன்ன இடத்தில் என்று தெரிந்தபின் மருந்திடுதல் எளிது. நன்கு தெரிந்த அதிகாரத்தையே மீண்டும் மீண்டும் படித்து மகிழ்தல் மாணாக்கர் பலர்க்கும் உள்ள இயல்பு. அவ்வின்பம் மதிப்பெண் தாராது.

2. இடைவிட்டுப் படித்தல்

ஒரு தலைப்பினை ஒரே நாளில் ஆறு மணி நேரம் படிப்பதினும், ஒவ்வொரு மணியாக ஆறு நாளிற் பிரித்துப் படித்தல் நன்று. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் என்பார் 1885-ஆம் ஆண்டிலேயே, மறதி முதல் நாளில் விரைந்தும் பின்னாட்களில் மெல்லவும் நிகழ்வதென்று தம்மைத் தாமே சோதித்துக் காட்டினார். ஆதலின் இன்று படித்ததனை நாளை ஒருமுறையும், மூன்றாம் நாள் ஒருமுறையும், ஒரு வாரத்தின்பின் ஒருமுறையும், மூன்று வாரத்தின்பின் ஒருமுறையும் பாராமல் எழுதிப் பார்க்க. மேலும், திங்கட்கிழமை முழுவதும் காலநிலை, செவ்வாய் முழுவதும் மக்கள் தொகை என்று பிரியாது, ஒரே அமர்வில் இரண்டு மூன்று தலைப்புகளைக் கலந்து படிக்க. பரீட்சைத்தாளில் வினாக்கள் கலந்தே வருதலின், எவ்வினாவிற்கு எப்பொருள் வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் பயிற்சியும் இதனாற் கிட்டும்.

3. வெற்றுத்தாளிற் படம்

பூகோளத்திற்கே உரிய சிறந்த பயிற்சி இதுவாம். வெற்றுத்தாள் ஒன்றினை எடுத்து, தென்னிந்திய தீபகற்பத்தின் எல்லைக்கோட்டை நினைவிலிருந்து வரைக. அழகு வேண்டியதில்லை, இடம் தவறாதிருந்தாற் போதும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையினை இடுக. பாலக்காட்டுக் கணவாயினைக் குறிக்க. குடகு நாட்டிற் பிறந்து சுமார் 800 கி.மீ. ஓடி வங்காள விரிகுடாவிற் கலக்கும் காவிரியினை வரைக. இப்பொழுது காற்றுக்களை அம்புக்குறியாற் காட்டுக. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையின்மேல் ஏறுகின்றது, ஏறுங்கால் குளிர்கின்றது, குளிர்தலால் நீராவி மழையாகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்குங்கால் காற்று வெப்பமுற்று வறள்கின்றது. ஆகவே மலையின் மேற்குச் சரிவு நனைகின்றது. கிழக்குப் புறம் மழை மறைவுப் பிரதேசமாகின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. வங்கக் கடலைக் கடக்குங்கால் நீராவியைச் சுமந்துவந்து சோழமண்டலக் கரையிற் பொழிகின்றது. தமிழ்நாடு ஓர் ஆண்டிற் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி இம்மூன்று மாதங்களிலேயே கிடைக்கின்றது.

எம் மாணாக்கன் தவறவிட்ட வினாவின் விடை இந்த ஒரு படத்துள் அடங்கியிருத்தல் காண்க. இரண்டு பக்கம் எழுதத் தேவையில்லை. காரணத்தின் ஒவ்வொரு கண்ணியையும் முறையே எழுதினாற் போதும். படம் வரைந்தவன் அக்கண்ணியைத் தவறவிடான். வரைந்தபின் தேசப்படப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, பிழைகளைச் சிவப்பு மையாற் திருத்துக. மறுநாள் மீண்டும் வரைக. சிவப்பு மை நாளுக்கு நாள் குறைந்துவருதலே கற்றலின் அளவுகோலாம்.

4. நிகழ்ச்சிச் சீட்டுகள்

வெள்ளம், புயல், நிலநடுக்கம், நகர வளர்ச்சி முதலியன பற்றிய வினாக்களுக்கு, "பல இடங்களிற் சேதம் விளைந்தது" என்று பொதுப்பட எழுதுவோர் மிகுதி. குறிப்பிட்ட இடமும் ஆண்டும் அளவும் இல்லாத விடை உப்பில்லாப் பண்டத்தை ஒக்கும். ஆதலின் தலைப்புக்கு ஒன்றாக நிகழ்ச்சிகளைத் தெரிந்து, அஞ்சலட்டை அளவுள்ள சீட்டுகளில் இடம், காலம், காரணம், விளைவு, எடுத்த நடவடிக்கை என ஐந்து வரியில் எழுதுக.

உதாரணமாக, சென்னை வெள்ளம் என்னும் சீட்டினைக் காண்போம். இடம்: அடையாற்றுப் படுகையும் நகரின் தென்பகுதியும். காலம்: 2015 நவம்பர், டிசம்பர் மாதங்கள். இயற்கைக் காரணம்: வடகிழக்குப் பருவமழையின் மிகுதி, டிசம்பர் முதல் நாளையொட்டித் தாம்பரத்தில் ஒரே நாளிற் சுமார் 49 செ.மீ. மழை. மனிதர் காரணம்: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் ஏரிகளும் கட்டிடங்களாற் சுருங்கியமை. விளைவு: நூற்றுக்கணக்கானோர் மாண்டமை, விமான நிலையம் மூடப்பட்டமை. நடவடிக்கை: படகுகளால் மீட்பும் நிவாரணமும். இச்சீட்டு ஒன்றே வெள்ளம், நகர வளர்ச்சி, நில உபயோகம், பேரிடர் மேலாண்மை என்னும் நான்கு தலைப்புகளுக்கும் உதவும். நூறு நிகழ்ச்சிகளை அரைகுறையாக அறிதலினும் பத்தினைத் திருத்தமாக அறிதல் மேல்.

எண்களை எழுதுங்கால் ஆண்டினையும் உடனெழுதுதல் மறவற்க. 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி இந்தியாவின் மக்கள் நெருக்கம் ஒரு சதுர கி.மீ.க்கு 382, தமிழ்நாட்டில் 555. 'இந்தியாவின் மக்கள் நெருக்கம் 382' என்று மட்டும் எழுதுதல் குறையுடைத்து. உலகில் மக்கள் தொகை மிக்க நாடு சீனா என்று பழைய புத்தகங்கள் கூறும். ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் இந்தியா அதனை விஞ்சியது. எண் மாறும், ஆண்டோடு எழுதிய எண் பொய்யாகாது.

5. கோட்பாடுகள்

கோட்பாடுகளின் பெயர்கள் மாணாக்கரை மிகவும் மருட்டுவன. ஒவ்வொன்றிற்கும் நான்கு கேள்விகளைக் கேட்க: யார், எப்பொழுது, எவற்றை உண்மையெனக் கொண்டு தொடங்கினார், எங்கே அது பொருந்தாது? வான் தூனன் 1826-ஆம் ஆண்டில் வேளாண்மை நிலத்தைப் பற்றி எழுதினார். சமமான நிலம், நடுவில் ஒரே சந்தை, வண்டியே போக்குவரத்து என்பன அவர் கொண்ட எடுகோள்கள். ஆகவே விரைவிற் கெடும் பாலும் காய்கறியும் சந்தைக்கு அண்மையில் விளையும் என்றார். இன்று குளிரூட்டிய வண்டிகளிற் பால் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருகின்றது. எடுகோள் மாறியமையின் முடிவும் மாறியது. வெபர் 1909-இல் தொழிற்சாலையின் இடத்தைப் பற்றியும், கிறிஸ்டாலர் 1933-இல் தென் ஜெர்மனியின் ஊர்களை நோக்கி மைய இடங்களைப் பற்றியும் எழுதியவற்றையும் இவ்வாறே சோதிக்க. நான்காம் கேள்விக்கு விடை தெரிந்தவனே கோட்பாட்டினை உணர்ந்தவன். ஏனையோர் பெயரை மட்டும் அறிந்தவர்.

6. நிலப்படமும் கணக்கும்

இந்திய நில அளவைத் துறையினரின் 1:50,000 அளவையுள்ள நிலப்படம் செய்முறைத் தேர்வுக்கு உயிர்நாடி. அதன்கண் 2 செ.மீ. நிலத்தில் 1 கி.மீ. ஆகும். பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருப்பின் சரிவு செங்குத்து, விலகியிருப்பின் மென்மை. ஓரிடத்தின் கட்ட எண்ணைக் கூறுங்கால், கிழக்கு நோக்கி வளரும் எண்ணை முதலிலும் வடக்கு நோக்கி வளரும் எண்ணைப் பின்னரும் கூறல் வேண்டும். இதனை மாற்றி எழுதி மதிப்பெண் இழப்போர் பலர்.

சரிவு விகிதம் காணும் கணக்கு ஒன்றனை ஈண்டுச் செய்து காட்டுவோம். ஒரு குன்றின் உச்சி 300 மீட்டர். அடிவாரம் 200 மீட்டர். படத்தில் இரண்டிற்கும் இடைத்தூரம் 4 செ.மீ. உயர வேறுபாடு 100 மீட்டர். 4 செ.மீ. என்பது நிலத்தில் 2 கி.மீ., அஃதாவது 2,000 மீட்டர். 2,000-ஐ 100-ஆல் வகுக்க 20. ஆகவே சரிவு 20-க்கு 1. இத்தகைய கணக்கினை நாளொன்றுக்கு ஒன்று செய்யின் பத்து நிமிடமே செல்லும். பரீட்சையில் அச்சமும் அகலும்.

7. வினாவின் வினைச்சொல்

ஒவ்வொரு வினாவிலும் ஒரு வினைச்சொல் உண்டு. அதுவே விடையின் வாயிற்படி. 'விவரி' எனின் எப்படியுள்ளது என்று கூறுக. 'காரணம் கூறு' எனின் ஏன் அவ்வாறுள்ளது என்று கூறுக. 'வேறுபடுத்துக' எனின் இரண்டினையும் தனித்தனியே எழுதாது, ஒவ்வொரு கூறிலும் எதிரெதிர் வைத்து எழுதுக. 'மதிப்பிடுக' எனின் நன்மை தீமைகளை நிறுத்து, முடிவொன்று கூறுக. பழைய வினாத்தாள்களை எடுத்து, விடை எழுதாமலே, வினைச்சொல்லின்கீழ்க் கோடிட்டு, விடையின் எலும்புக்கூட்டை மட்டும் மூன்று வரியில் எழுதிப் பழகுக. ஒரு மணி நேரத்திற் பதினைந்து வினாக்களை இவ்வாறு நோக்கலாம். வாரத்திற்கு ஒருமுறையேனும் கடிகாரத்தை முன்வைத்து முழுவிடை எழுதி, ஆசிரியரிடமோ உடன் பயிலும் நண்பனிடமோ காட்டித் திருத்தம் பெறுக.

8. உறக்கம்

பரீட்சைக்கு முன்னாள் இரவு முழுவதும் விழித்திருத்தலை வீரமென்று எண்ணற்க. பகலிற் கற்றவை உறக்கத்திலேயே உறுதிப்படுகின்றன. களைத்த மூளை தெரிந்ததனையும் மறைக்கும். அன்றிரவு சீட்டுகளை ஒருமுறை புரட்டி, வண்ணக்கோல்களைச் சீவி வைத்து, நேரத்தில் உறங்குக.

பழகுதற்கெனச் சில வினாக்களை ஈண்டுத் தருகின்றோம். புத்தகத்தைத் திறவாமல் முயல்க.

அ. இந்தியப் பொது நேரத்திற்குரிய தீர்க்கரேகை 82½ பாகை கிழக்கு. சென்னை ஏறக்குறைய 80¼ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாயின், சென்னையின் தல நேரம் எவ்வளவு பின்தங்கியது? (விடை: 9 நிமிடம்.)

ஆ. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் சராசரி 6.5 பாகை குறையுமாயின், கடல்மட்டத்தில் 30 பாகை உள்ளபோது 2,000 மீட்டர் உயரத்தில் எவ்வளவு? (விடை: 17 பாகை.)

இ. தீபகற்பத்தின் நதிகளிற் பல மேற்குத் தொடர்ச்சி மலையிற் பிறந்தும் கிழக்கு நோக்கி ஓடுதற்குக் காரணம் கூறுக. படம் வரைந்து விடை தருக.

ஈ. உம் ஊர் ஏரியினைப் பற்றி ஐந்து வரியில் ஒரு நிகழ்ச்சிச் சீட்டு எழுதுக.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். இத்துணை முயற்சியும் மதிப்பெண்ணுக்காக மட்டுமோ எனின், அன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவிலுள்ள மைக்காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி பெற்றோருடன் உலாவிக்கொண்டிருந்தாள். கடல்நீர் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துப் பொங்குதலைக் கண்டாள். ஏறக்குறைய இரண்டு வாரத்திற்குமுன் பள்ளியிற் பூகோள வகுப்பில் ஆழிப்பேரலையைப்பற்றிக் கற்ற பாடம் அவள் நினைவில் எழுந்தது. அவள் உரக்கக் கூறி வற்புறுத்தவே கரை காலி செய்யப்பட்டது. சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். அதே அலை அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அக்கரையிலும் அவ்வறிகுறிகளை அறிந்தோர் சிலர் இருந்திருப்பின் என்று நினைக்குந்தோறும் எம் நெஞ்சம் கனக்கின்றது. அச்சிறுமி அப்பாடத்தைப் புத்தகத்திற் கண்டால் அறிந்துகொள்ளும் அளவில் மட்டும் கற்றிருப்பின் யாது பயன்? புத்தகம் கையில் இல்லாத நேரத்தில் அறிவு தானே எழுந்து வந்தது. அதுவன்றோ கற்றல்!

யாம் முன்னர்க் கூறிய மாணாக்கன் அடுத்த துணைத் தேர்வில் தேர்ச்சியுற்றான். பருவக்காற்றின் படத்தை அவன் விடைத்தாளின் முதற்பக்கத்திலேயே வரைந்ததாக எம்மிடம் வந்து கூறினான். எத்தனை முறை படித்தாய் என்று யாம் இம்முறை வினவவில்லை. எத்தனை முறை வரைந்தாய் என்று வினவினோம். எண்ணவில்லை என்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். இளைஞர்காள்! ஏட்டை மூடுங்கள், வெற்றுத்தாளை விரியுங்கள், எழுதுகோலை எடுங்கள். உங்கள் நினைவின்கண் உள்ளது எவ்வளவு என்பதனை அத்தாள் மறையாது கூறும்.